அம்மிக்கல் முதல் ஆழ்கடல் தரை வரை: தீப்பாறைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் ஊரில் கல் என்றாலே கருங்கல்தான். வாசற்படி, அம்மி, ஆட்டுக்கல், கோயில் தூண், தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் ஜல்லி எல்லாம் அதுவே. அது எப்படி உண்டானது என்று கேட்டால் பாதிப்பேர் "எரிமலையிலிருந்து வந்தது" என்பார்கள். நம் கருங்கல்லில் பெரும்பாலானது எந்த எரிமலையின் வாயிலிருந்தும் வந்ததில்லை. அப்படியானால் எங்கிருந்து வந்தது? மாணவர்களும் ஆசிரியர்களும் வீடு கட்டுகிறவர்களும் மாறி மாறிக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

தீப்பாறை என்றால் என்ன?

உருகிய பாறைக்குழம்பு ஆறி இறுகினால் கிடைப்பது தீப்பாறை. குழம்பு நிலத்துக்குள் இருக்கும்வரை அதை மாக்மா என்கிறோம். வெளியே வழிந்துவிட்டால் லாவா. உள்ளேயே ஆறிய பாறைக்குக் கிரானைட்டும் கேப்ரோவும் எடுத்துக்காட்டு. வெளியே வந்து ஆறியதற்குப் பசால்ட்டும் ரயோலைட்டும்.

பள்ளிப் பாடத்தில் தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை மூன்றும் சம பங்காளிகள்போல வரும். உண்மையில் தீப்பாறைதான் மூத்தது. அது தேய்ந்து மணலாகிப் படிந்தால் படிவுப்பாறை. வெப்பத்திலும் அழுத்தத்திலும் சிக்கி உரு மாறினால் உருமாறிய பாறை. பூமியின் வெளித்தோலான மேலோட்டின் மேல் 16 கி.மீ.யை மட்டும் எடுத்துக்கொண்டாலும், அதில் சுமார் 95 விழுக்காடு தீப்பாறையும் உருமாறிய பாறையும்தான். நிலப்பரப்பில் முக்கால் பங்கைப் படிவுப்பாறை மூடியிருந்தாலும் அது தோசைமேல் தடவிய பொடி அளவுக்கு மெல்லியது.

பூமிக்கு அடியில் எங்கும் நெருப்புக் குழம்புதானே கொதித்துக்கொண்டிருக்கிறது?

இல்லை. இந்த ஒரு எண்ணத்தைத் திருத்தினாலே பாதிப் பாடம் முடிந்தது என்பேன்.

நாம் நிற்கும் மேலோடு கண்டங்களின் கீழே சராசரியாக 35 முதல் 40 கி.மீ. தடிமன். திபெத்தின் கீழே அது ஏறத்தாழ 70 கி.மீ. வரை போகிறது. கடலுக்கு அடியில் வெறும் 6, 7 கி.மீ.தான். மேலோட்டுக்கும் அதன் கீழுள்ள பாறைக்கும் இடையே தெளிவான எல்லை இருப்பதை, குரோவேஷியாவில் 1909-ல் நிகழ்ந்த ஒரு நிலநடுக்கத்தின் அலைகளை ஆராய்ந்து ஆந்திரியா மொகரோவிசிச் கண்டுபிடித்தார். அந்த எல்லைக்குக் கீழே சுமார் 2,900 கி.மீ. ஆழம்வரை இருப்பது கவசம். புத்தகப் படங்களில் அதற்கு ஆரஞ்சு வண்ணம் தீட்டியிருப்பதால் அது குழம்பு என்று நம் மனத்தில் பதிந்துவிட்டது. கவசம் திடப்பாறை.

எப்படித் தெரியும்? நிலநடுக்கத்தில் எழும் இரண்டாம்நிலை அலைகள் நீர்மத்தின் வழியே போகமாட்டா. அவை கவசம் முழுவதையும் ஊடுருவிப் போகின்றன, 2,900 கி.மீ. ஆழத்தில் வெளிக்கருவத்தை, அதாவது பூமியின் மையப் பகுதியின் வெளி அடுக்கை, எட்டியதும் நின்றுவிடுகின்றன. உருகிக் கிடப்பது அங்கே இருக்கும் இரும்புதான். அந்த இரும்புக் குழம்பு எந்த எரிமலை வழியாகவும் வெளியே வருவதில்லை.

திடம் என்றாலும் கவசம் அசையாத பொருள் அல்ல. அரக்கைச் சுத்தியலால் தட்டினால் உடையும். வெயிலில் போட்டுவைத்தால் மெல்ல வளையும். கவசப் பாறையும் அப்படித்தான். நிலநடுக்க அலைக்கு அது திடப்பொருள். கோடி ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது நகர்கிற பொருள்.

கவசம் திடமென்றால் மாக்மா எங்கிருந்து வருகிறது?

"சூடு போதுமான அளவு ஏறினால் உருகும்" என்பதுதான் நமக்கு முதலில் தோன்றும் விடை. அதுவும் ஒரு வழிதான், ஆனால் பூமியில் மாக்மா பெரும்பாலும் வேறு இரண்டு வழிகளில் பிறக்கிறது.

முதல் வழி, அழுத்தம் குறைவது. பிரஷர் குக்கருக்குள் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் தளதளவென்று கொதிக்காமல் அடங்கி இருக்கும். அழுத்தம் போனால் கொதித்துப் பொங்கும். பாறையும் அதுபோல. கவசத்தில் 100 கி.மீ. ஆழத்தில் வெப்பம் 1,300 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். அதே சூட்டில் அந்தப் பாறையைத் தரைமட்டத்தில் வைத்தால் உருகத் தொடங்கிவிடும். ஆழத்தில் மேலே கிடக்கும் பாறையின் சுமை அதை உருகவிடாமல் அமுக்கி வைத்திருக்கிறது. பூமியின் மேற்பகுதி நகரும் பெரும் பாறைத் துண்டுகளாகப் பிரிந்திருக்கிறது; அவை புவித்தட்டுகள். இரண்டு புவித்தட்டுகள் விலகும் இடத்தில் கீழிருக்கும் கவசம் மேலே எழும். சுமை குறையும். கூடுதல் சூடு எதுவும் ஏற்றாமலே பாறை உருகத் தொடங்கும்.

இரண்டாவது வழி, தண்ணீர். கேட்டால் வியப்பாக இருக்கும்: ஈரம் சேர்ந்தால் பாறையின் உருகுநிலை சில நூறு டிகிரி குறைந்துவிடும். கடலடித் தட்டு ஒன்று மற்றொரு தட்டின் கீழே அமிழ்ந்து போகும்போது, தன் கனிமங்களுக்குள் கடல்நீரைச் சுமந்துகொண்டு போகிறது. ஆழத்தில் அந்த நீர் பிழியப்பட்டு மேலுள்ள கவசத்துக்குள் ஏறுகிறது. அங்கே மாக்மா பிறக்கிறது. ஜப்பான், இந்தோனேசியா, ஆண்டீஸ் மலைத்தொடர் எல்லாவற்றிலும் எரிமலைகள் வரிசைகட்டி நிற்பது இதனால்தான். தீப்பாறைகளில் ஒரு பங்கு தண்ணீரின் தயவால் பிறந்தது என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மலைப்பு இன்னும் போகவில்லை.

மூன்றாவதுதான் நேரடிச் சூடு. மேலே எழும் பசால்ட் குழம்பு கண்டத்தின் அடியில் தேங்கி, தன்னைச் சுற்றியுள்ள பாறையையும் உருக்கும்.

உருகும்போது பாறை முழுவதும் உருகிவிடுமா?

முழுவதும் உருகாது. மேலோடு உண்டான கதையின் உயிர்நாடியே இதில்தான் இருக்கிறது.

குச்சி ஐஸ் சப்பியிருப்பீர்கள். முதலில் சப்பும்போதே இனிப்பும் நிறமும் வாய்க்கு வந்துவிடும். கடைசியில் சுவையில்லாத வெள்ளைப் பனிக்கட்டி குச்சியில் நிற்கும். பாறையும் பல கனிமங்களின் கலவை. எளிதில் உருகும் பகுதி முதலில் வடிந்து வெளியேறும். எஞ்சியது இருந்த இடத்திலேயே இருக்கும். கடல்நடு மலைத்தொடர்களின் கீழே கவசப் பாறையில் 10 முதல் 20 விழுக்காடு அளவே உருகுகிறது.

வடிந்த குழம்பில் சிலிக்கா (மணலில் நிறைந்திருக்கும் பொருள்) கூடுதலாகவும் மக்னீசியம் குறைவாகவும் இருக்கும். கவசப் பாறையான பெரிடோடைட்டின் இப்படியான வடிதான் பசால்ட். பசால்ட்டும் அதன் உறவுப் பாறைகளும் ஈரத்தோடு மறுபடி பகுதியாக உருகினால், இன்னும் சிலிக்கா மிகுந்த, இன்னும் இலகுவான குழம்பு வடியும். கிரானைட் வகைப் பாறைகள் அப்படி வந்தவை. ஒவ்வொரு வடிப்பிலும் கல் லேசாகிறது: பெரிடோடைட்டின் அடர்த்தி சுமார் 3.3, பசால்ட் 3.0, கிரானைட் 2.7. நாம் வாழும் கண்டம் கடல்மட்டத்துக்கு மேலே தலைகாட்டி நிற்பதற்குக் காரணம் இந்தச் சிறிய எண் வேறுபாடுதான்.

ஒரு கல்லில் மணி மணியாகப் படிகம் தெரிகிறது, இன்னொன்றில் எதுவுமே தெரியவில்லையே?

ஆறிய வேகம்தான் காரணம். சர்க்கரைப் பாகை நாள்கணக்கில் அசையாமல் வைத்தால் நூலைப் பிடித்துக்கொண்டு கற்கண்டு கட்டி கட்டியாக வளரும். அதே பாகைச் சட்டென்று குளிர்ந்த தட்டில் ஊற்றினால் கண்ணாடிபோல இறுகிவிடும். நிலத்துக்குள் பல கி.மீ. ஆழத்தில் ஆயிரக்கணக்கான, சில நேரம் லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆறிய கிரானைட்டில் படிகங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்திருக்கும். வெளியே வழிந்த பசால்ட் சில நாள்களிலோ ஆண்டுகளிலோ இறுகிவிடுவதால் அதன் படிகங்களைப் பார்க்க உருப்பெருக்கி வேண்டும். சிலிக்கா மிகுந்த குழம்பு மிக விரைவாக ஆறினால் அப்சிடியன் என்ற கருங்கண்ணாடி கிடைக்கும்.

இதைச் சோதித்துக் காட்டியவர் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் ஹால். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பசால்ட் வகைக் கல்லை உலையில் உருக்கினார். விரைவாக ஆறவிட்டபோது கண்ணாடி கிடைத்தது. மெதுவாக ஆறவிட்டபோது மறுபடியும் படிகமுள்ள கல்லே கிடைத்தது. பாறைகள் எல்லாம் ஆதிக் கடலில் படிந்து வந்தவை என்று ஜெர்மனியின் வெர்னரும் அவருடைய மாணவர்களும் வலுவாக நம்பிய காலம் அது. ஹாலின் நண்பர் ஜேம்ஸ் ஹட்டன் 1785-ல் கிளென் டில்ட் பள்ளத்தாக்கில், இளஞ்சிவப்புக் கிரானைட் விழுதுகள் பழைய பாறைக்குள் புகுந்து கிளை பரப்பியிருந்ததைக் கண்டார். குழம்பாக இருந்தால்தானே விரிசலுக்குள் புக முடியும்? அவர் துள்ளிய துள்ளலைப் பார்த்து, உடன் வந்த வழிகாட்டிகள் அவர் வெள்ளியோ தங்கமோ கண்டுவிட்டார் என்று நினைத்தார்களாம்.

சில எரிமலைகள் வெடிக்கின்றன, சில அமைதியாக வழிகின்றன. ஏன்?

சிலிக்கா குறைந்த பசால்ட் குழம்பு 1,100 முதல் 1,200 டிகிரி சூட்டில் இளகி ஓடும். உள்ளிருக்கும் வாயு எளிதில் கிளம்பிவிடும். சிலிக்கா மிகுந்த ரயோலைட் குழம்பு அதைவிடக் குறைந்த சூட்டில் வருவதோடு, கெட்டிப் பாகைப்போல நகர மறுக்கும். வாயு அடைபட்டு, கடைசியில் வெடிக்கும். சுமத்ராவின் தோபா எரிமலை சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் அப்படி வெடித்ததில் பறந்த சாம்பல் இந்தியா முழுவதும் படிந்தது. ஆந்திரத்தின் ஜ்வாலாபுரத்தில் அந்தச் சாம்பல் படுகையை இன்றும் பார்க்கலாம்.

கடையில் 'பிளாக் கிரானைட்' என்று விற்பது கிரானைட்தானா?

வியாபாரத்தில் கிரானைட்; புவியியலில் இல்லை. கிரானைட் என்று சொல்ல ஒரு கல்லில் குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் நிறைந்திருக்க வேண்டும்; நிறம் வெளிறியோ இளஞ்சிவப்பாகவோ சாம்பலாகவோ இருக்கும். சமையலறை மேடைக்குப் போடும் கன்னங்கரேல் என்ற கல் பெரும்பாலும் டோலரைட் அல்லது கேப்ரோ, அதாவது பசால்ட்டின் உறவுக்காரர்கள். பழைய பாறையில் விழுந்த நீண்ட பிளவுகளில் குழம்பு ஏறி, சுவர்போல இறுகி நிற்பதுதான் டோலரைட். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் இப்படிப்பட்ட கருஞ்சுவர்கள் கி.மீ. கணக்கில் ஓடுகின்றன. அவற்றில் பல 200 கோடி ஆண்டுகளைத் தாண்டியவை.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. மெருகேறும் கடினமான கல் எதையும் கிரானைட் என்பது உலகம் முழுக்க வணிக வழக்கம். மேடைக்கு அது கிரானைட் அளவுக்கே உழைக்கும்.

கையில் எடுத்த கல் தீப்பாறையா என்று எப்படிப் பார்ப்பது?

புதிதாக உடைந்த முகத்தை வெயிலில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். தட்டையான முகங்கள் கண்ணாடித் துண்டுபோலப் பளிச்சிட்டால் ஃபெல்ஸ்பார். வடிவமில்லாமல், உடைந்த சோடா பாட்டில்போலச் சாம்பலாகத் தெரிவது குவார்ட்ஸ். ஏடு ஏடாக உரியும் கருமினுக்கு மைக்கா, நம் காக்காப்பொன். இவை திசை எதுவும் இல்லாமல் கலந்து கிடந்தால் கிரானைட். வெள்ளையும் கருப்பும் வரிவரியாக ஓடினால் அது நைஸ், உருமாறிய பாறை. நம் ஊர் அம்மிகளில் பல நைஸாகவோ, பின்னால் சொல்லப்போகும் சார்னோக்கைட்டாகவோ இருக்கும். உருமாறிய பாறையிலும் மூலக் கல் தீப்பாறையாக இருந்திருக்கலாம் என்பதால், முடிவு சொல்ல அவசரப்பட வேண்டாம்.

குமிழி விட்ட ஓட்டைகள் இருந்தால் லாவாவாக இருக்க வாய்ப்புண்டு. ஆனால் கொங்கு நாட்டிலும் சேலம் பக்கத்திலும் கிடைக்கும் கனமான, ஓட்டை விழுந்த கருங்கட்டிகளைப் பார்த்து எரிமலைக் கல் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அவை பெரும்பாலும் பழங்காலத்தில் இரும்பு உருக்கியவர்கள் விட்டுப்போன கழிவு. அதுவும் ஒருவகையில் பொக்கிஷம்தான். தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.

கடலடி மேலோடு எப்படி உண்டாகிறது?

உலகக் கடல்களின் நடுவே, கிரிக்கெட் பந்தின் தையல்போல ஏறத்தாழ 65,000 கி.மீ. நீளத்துக்கு ஒரு மலைத்தொடர் ஓடுகிறது. அரபிக்கடலில் அதன் பெயர் கார்ல்ஸ்பெர்க் மலைத்தொடர். அங்கே தட்டுகள் இரண்டு பக்கமும் விலகுகின்றன. அட்லாண்டிக்கின் வடபகுதியில் அந்த வேகம் பத்து ஆண்டுக்கு ஒரு சாண். பசிபிக்கின் சில இடங்களில் அதைப்போல ஐந்தாறு மடங்கு.

விலகும் இடைவெளியில் பசால்ட் குழம்பு ஏறுகிறது. தண்ணீரைத் தொட்டதும் மேல்தோல் இறுகி, உள்ளே இருக்கும் குழம்பு பிதுங்கி, தலையணைகளை அடுக்கியதுபோல உருண்டை உருண்டையாகக் குவியும். அதற்கு அடியில், குழம்பு ஏறிவந்த பாதைகளே பாறைச் சுவர்களாக ஒன்றை ஒன்று ஒட்டி நிற்கும். அதற்கும் கீழே மெதுவாக ஆறிய கேப்ரோ. கடலடி மேலோட்டில் பெரும்பாலான இடங்களில் ஏறக்குறைய இதே மூன்றடுக்குதான்.

யாரும் அதன் அடிவரை தோண்டிப் போனதில்லையே என்று கேட்கலாம். போக வேண்டிய தேவையில்லை. சில இடங்களில் தட்டுகள் மோதியபோது கடலடி மேலோடு துண்டாக நிலத்தின்மேல் ஏறிவிட்டது. ஓமனிலும் சைப்ரஸிலும் அந்த அடுக்குகளின் மேல் நடந்து போகலாம். அந்தமானிலும் அப்படிப்பட்ட துண்டுகள் உண்டு. கர்நாடகத்தின் சித்ரதுர்கா அருகே மாரடிஹள்ளியில் தலையணை லாவாக் குவியலைத் தேசியப் புவியியல் சின்னமாக வேலி போட்டுக் காக்கிறார்கள். கடலே இல்லாத அந்த வறண்ட பூமியில், 250 கோடி ஆண்டுகளுக்கு முன் தண்ணீருக்குள் ஆறிய லாவாவைத் தொட்டுப் பார்க்கலாம்.

இப்படிப் பிறந்த மேலோடு நிலைத்து இருப்பதில்லை. ஆற ஆற அடர்த்தி கூடி, கடைசியில் மற்றொரு தட்டின் அடியில் அமிழ்ந்துவிடுகிறது. அதனால் இன்றைய பெருங்கடல்களின் தரையில் 20 கோடி ஆண்டுகளுக்கு முந்திய கல்லைத் தேடினால் அநேகமாகக் கிடைக்காது.

கண்டங்கள் மட்டும் ஏன் அவ்வளவு பழையவை?

லேசானவை என்பதால் அமிழ்வதில்லை. கனடாவின் அகாஸ்டா நைஸ் 400 கோடி ஆண்டுகளைத் தாண்டியது. ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் கிடைத்த சிர்கான் படிகம் ஒன்றின் வயது 440 கோடி ஆண்டு. பூமிக்கே சுமார் 454 கோடிதான் வயது.

கண்டத்தின் வளர்ச்சியை நம் பக்கத்திலேயே பார்க்க வேண்டுமானால் பெங்களூர்–மைசூர் சாலையில் ராமநகரத்தில் இறங்குங்கள். மொட்டைத் தலையோடு நிற்கும் அந்தக் குன்றுகள் குளோஸ்பேட் கிரானைட். ராமநகரத்தின் பழைய பெயரே குளோஸ்பேட். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், 300 கோடி ஆண்டு பழமையான நைஸ் பாறைகளைப் பிளந்துகொண்டு ஏறிய குழம்பு இது. வடக்கு தெற்காக ஏறத்தாழ 400 கி.மீ. நீண்டு கிடக்கிறது. ஏறியபோது இது மலையாக இருக்கவில்லை. ஆழத்திலேயே ஆறியது. மேலிருந்த பாறை அத்தனையும் கோடி கோடி ஆண்டுகளில் தேய்ந்துபோன பிறகே வெளிச்சத்தைப் பார்த்தது. சுமை நீங்கியதும் கல் விரிந்து, வெங்காயம்போல மேல்தோல் உரிகிறது; அந்த வழுவழுப்பான மொட்டைத் தலை அதனால் வந்தது.

இந்தக் குன்றுகள் ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் போய்க்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. வீடும் சாலையும் வேண்டும்தான். ஆனால் ஆற்று மணல் ஒரு வெள்ளத்தில் திரும்பிவரலாம். இது வராது.

தக்காணத்தில் எரிமலை வெடித்ததாகச் சொல்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஆனால் நாம் நினைக்கும் கூம்பு வடிவ எரிமலை அல்ல. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலமே நீளநீளமாகப் பிளந்து, பசால்ட் குழம்பு வெள்ளம்போல வழிந்தது. ஒன்று ஆறியபின் அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் வேறொன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் மகாராஷ்டிரப் பகுதியில் இவை சேர்ந்து 2 கி.மீ.க்கும் மேல் உயர்ந்தன. இன்று எஞ்சியிருப்பது மட்டும் ஏறத்தாழ 5 லட்சம் சதுர கி.மீ.; தமிழ்நாட்டைப்போல நான்கு மடங்கு. சில ஓட்டங்கள் தீபகற்பத்தையே குறுக்காகக் கடந்து ராஜமுந்திரி வரை வந்திருக்கின்றன.

மும்பையிலிருந்து புனேக்கு ரயிலில் போகும்போது மலைச்சரிவுகள் படிக்கட்டு படிக்கட்டாக இறங்குவதைக் காணலாம். ஒவ்வொரு படியும் ஒரு லாவா ஓட்டம். 'டிராப்' என்று இந்தப் பாறைகளுக்கு வழங்கும் பெயர், படிக்கட்டைக் குறிக்கும் ஸ்வீடியச் சொல்லிலிருந்து வந்தது. எல்லோராவின் கைலாசநாதர் கோயிலை 8-ஆம் நூற்றாண்டில் ராஷ்டிரகூடர்கள் மேலிருந்து கீழாகக் குடைந்தெடுத்தது இந்தப் பசால்ட்டில்தான். லாவாக் குமிழிகள் விட்ட ஓட்டைகளில் பின்னாளில் வளர்ந்த ஜியோலைட் படிகங்களுக்குப் புனே வட்டாரம் உலகப் புகழ் பெற்றது.

இந்த வெள்ளத்துக்குக் காரணம், கவசத்தின் ஆழத்திலிருந்து எழுந்த ஒரு வெப்பத் தூண் என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். இந்தியத் தட்டு அதன்மேல் வடக்கே நகர்ந்துபோக, அந்தத் தூண் விட்டுச்சென்ற தடம் லட்சத்தீவு, மாலத்தீவு, மொரீஷியஸ் என்று தொடர்ந்து ரீயூனியன் தீவில் முடிகிறது. அந்தத் தீவின் எரிமலை இன்றும் பொங்கிக்கொண்டிருக்கிறது. கரும்புத் தோட்டங்களுக்காக அங்கே கொண்டுசெல்லப்பட்ட தமிழர்களின் பேரப்பிள்ளைகள், தக்காணத்தை உண்டாக்கிய அதே ஊற்றின்மேல் குடியிருக்கிறார்கள்.

டைனோசர்கள் அழிந்ததும் அதே காலம். மெக்சிகோவில் விழுந்த விண்கல்லே முக்கியக் காரணம் என்பது பெரும்பாலோர் முடிவு. தக்காண வாயுக்களின் பங்கு எவ்வளவு என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது.

லாவாவுக்குக் கீழே என்ன இருக்கிறது?

பழைய கண்டம். 1967 டிசம்பரில் பெரும் நிலநடுக்கத்தைச் சந்தித்த கோய்னாவில் விஞ்ஞானிகள் 3 கி.மீ. ஆழம் துளையிட்டார்கள். ஒன்றேகால் கி.மீ. பசால்ட்டைக் கடந்ததும் நேராகக் கிரானைட்டும் நைஸும் வந்துவிட்டன. நம் ஊரில் வெளியே தெரியும் அதே வகைக் கல், அங்கே லாவாப் போர்வைக்கு அடியில் உறங்குகிறது.

பசால்ட் தூண்கள் அறுகோணமாக நிற்பது மனிதர் செதுக்கியதா?

இல்லை. கண்மாய் வற்றினால் சேறு சுருங்கி ஓடு ஓடாக வெடிக்கும் அல்லவா? லாவாவும் ஆறும்போது சுருங்கி வெடிக்கிறது. வெடிப்பு மேலிருந்து உள்ளே இறங்க இறங்கத் தூண்கள் உருவாகின்றன. மும்பை அந்தேரியின் கில்பர்ட் குன்றிலும் உடுப்பி அருகே செயின்ட் மேரி தீவிலும் பார்க்கலாம். அந்தத் தீவின் கல் தக்காணத்தைவிட மூத்தது. மடகாஸ்கர் இந்தியாவிலிருந்து பிரிந்த காலத்தைச் சேர்ந்த ரயோலைட் வகை.

திருவண்ணாமலை அணைந்துபோன எரிமலையா?

அக்னித் தலம் என்பதால் இப்படி ஒரு பேச்சு நிலவுகிறது. மலையில் லாவா ஓட்டமோ சாம்பல் அடுக்கோ எரிமலை வாயோ இல்லை. பூமிக்குள் வெகு ஆழத்தில் உண்டான படிகப் பாறை, மேலிருந்தவை தேய்ந்தபின் வெளியே தெரிகிறது. அந்தப் பாறையும் வெப்பத்தில் பிறந்ததுதான் என்பதால் தலபுராணத்தின் நெருப்புக்கு எந்தக் குறையும் வந்துவிடவில்லை.

கரிசல் மண் எரிமலை மண்ணா?

மகாராஷ்டிரத்தில் பெரும்பாலும் ஆம், தக்காணப் பசால்ட் சிதைந்து வந்தது. கோவில்பட்டிக் கரிசலுக்கும் அதே விளக்கத்தைச் சொல்வது தவறு. அங்கே பசால்ட் கிடையாது. இரும்புச் சத்துள்ள நைஸ் பாறைகள் வறண்ட வெப்பத்தில் சிதைந்ததால் வந்த கருமை அது.

சார்னோக்கைட் என்று ஒரு கல் சென்னையில் இருக்கிறதாமே?

பல்லாவரம், பரங்கிமலை, அந்தக் குன்றுகள் எல்லாம் அதுவே. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னாக்குக்குக் கல்லறை எழுப்பியபோது சென்னையிலிருந்து கல் போயிற்று. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலந்து 1893-ல் அந்தக் கல்லை ஆராய்ந்து, கல்லறைக்கு உரியவர் பெயரையே கல்லுக்கும் வைத்தார். உலகப் பாறையியல் புத்தகங்களில் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. கல் பிறந்த பல்லாவரத்தின் பெயர் நிலைத்திருக்கலாம் என்ற ஏக்கம் எனக்கு எப்போதும் உண்டு.

எண்ணெய் தடவியதுபோல நீலப்பச்சைக் கருமை இதன் அடையாளம். ஹாலந்து இதைத் தீப்பாறை என்றே எழுதினார். பின்னர் வந்தவர்களோ, 20 கி.மீ.க்கும் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருமாறியது என்றார்கள். கர்நாடகத்தின் கப்பல்துர்காக் குவாரியில் வெளிர்நிற நைஸ் பாறைக்குள்ளேயே கரும்பச்சைத் திட்டுகளாகச் சார்னோக்கைட் உண்டாகியிருப்பது தெரிகிறது. இன்றைய நிலை, இரண்டு வழியிலும் இது பிறக்கும் என்பதே.

நாமக்கல் மாவட்டத்துக் கல்லை நிலவு ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தியது ஏன்?

சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்களில் கிடைக்கும் வெளிர்நிறக் கல் அனார்த்தோசைட். ஏறக்குறைய முழுவதும் ஒரே கனிமம், கால்சியம் மிகுந்த ஃபெல்ஸ்பார். நிலவின் வெள்ளைப் பகுதிகளும் இதே வகைக் கல்தான். சந்திரயான்-2 தரையிறங்கு கலத்தையும் ஊர்தியையும் சோதிக்க, இந்தக் கல்லைப் பொடித்துச் செயற்கை நிலவு மண் தயாரித்தார்கள்.

ஒரே கனிமம் இப்படித் தனியே திரள்வது எப்படி? அரிசி அரிக்கும்போது கல் அடியில் தங்கும், உமி மேலே மிதக்கும். மாக்மா ஆறும்போதும் கனமான படிகங்கள் கீழே இறங்கும். எந்தக் கனிமம் முதலில் பிறக்கும், எது அடுத்து என்ற வரிசையைப் பாறையியலாளர் நார்மன் போவன் வாஷிங்டன் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் உலையோடு உட்கார்ந்து கண்டுபிடித்தார். சித்தம்பூண்டியில் அனார்த்தோசைட்டுக்கு இடையே கரிய குரோமைட் பட்டைகள் ஓடுவது, 250 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்த அந்த அரிப்பின் தடம்.

நிலவிலோ இது உலகளாவிய அளவில் நடந்தது. தொடக்கத்தில் நிலவின் மேற்பரப்பே குழம்புக் கடல். ஃபெல்ஸ்பார் மிதந்து மேலே ஏடுகட்டியது. சந்திரயான்-3 ஆகஸ்ட் 2023-ல் இறங்கி மண்ணைச் சோதித்தபோது கிடைத்த விவரமும் இந்த விளக்கத்தோடு ஒத்துப்போயிற்று.

கல்லின் வயதை எப்படிச் சொல்கிறார்கள்?

கிரானைட் ஆறும்போது சிர்கான் என்ற நுண்படிகம் உண்டாகிறது. அது யுரேனியத்தை உள்ளே சேர்க்கும், ஈயத்தைச் சேர்க்காது. பின்னர் அதில் காணும் ஈயம் யுரேனியம் சிதைந்து வந்ததே. யுரேனியம்-238 பாதியாகச் சிதைய 447 கோடி ஆண்டு ஆகும். இரண்டின் விகிதத்தை அளந்தால் வயது வந்துவிடும்.

இன்றும் புதிய மேலோடு உண்டாகிறதா?

ஒவ்வொரு நாளும். பெரும்பகுதி கடலுக்கடியில் நடப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஐஸ்லாந்தில் அந்தக் கடல்நடு மலைத்தொடரே நிலமாகத் தலைநீட்டி நிற்கிறது. அதன் தென்கரைக்கு அப்பால் 1963 நவம்பரில் கடல் கொதித்துப் புகைந்து, சர்ட்சி என்ற புதுத் தீவு பிறந்தது.

நம் பக்கத்தில் ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (முன்பு போர்ட் பிளேயர்) சுமார் 140 கி.மீ. வடகிழக்கே பாரன் தீவு இருக்கிறது. இந்தியாவில் உயிரோடு இருக்கும் எரிமலை அது ஒன்றுதான். 1787-ல் அதன் பொங்கலைக் கப்பலில் சென்றவர்கள் பதிவு செய்தார்கள். அதற்குப் பின் சில பொங்கல்களோடு அடங்கி, 19-ஆம் நூற்றாண்டிலிருந்து நீண்ட உறக்கம். 1991-ல் மறுபடி விழித்து, அவ்வப்போது பொங்கிவருகிறது. 2004 டிசம்பர் 26 காலையில் நம் கரைகளுக்குச் சுனாமியை அனுப்பியதும், அந்தத் தீவுக்கு மாக்மா ஊட்டுவதும் ஒரே நிகழ்வு: இந்தியத் தட்டு கிழக்கே அமிழ்கிறது, தன்னோடு கடல்நீரைக் கொண்டுபோகிறது, அந்த ஈரத்தில் கவசம் உருகுகிறது. பாரன் தீவின் கரையில் லாவா இறங்கும் இடத்தில் கடல்நீர் ஆவியாகிச் சீறும்; ஆறியபின் அங்கே கிடப்பது, முன்பு இல்லாத கருங்கல்.